பதினோரு பாட்டு, ஒரு கிட்டார்: ‘பிங்க் மூன்’ பிறந்த கதை

1971 அக்டோபர் கடைசி. லண்டன் செல்சி பகுதியின் ஓல்ட் சர்ச் தெருவில் ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் பால் வியாபாரம் நடந்த இடம். ஜெஃப் ஃப்ராஸ்ட், ஜான் வுட் என்ற இரண்டு ஒலிப்பதிவாளர்கள் அதை ஸ்டுடியோவாக மாற்றி, சவுண்ட் டெக்னிக்ஸ் என்று பெயர் வைத்து நடத்திவந்தார்கள். பகலில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் இரவு 11 மணிவாக்கில் வேலை தொடங்கியது. ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் ஜான் வுட். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 23 வயது நிக் டிரேக், கையில் கிட்டாருடன். வேறு வாத்தியக்காரர்கள் கிடையாது, தனியாக ஒரு தயாரிப்பாளர் கிடையாது. இரண்டே இரவுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினோரு பாட்டுகள், மொத்தம் 28 நிமிஷம்.

அந்த 28 நிமிஷம்தான் ‘பிங்க் மூன்’. மனசை அமைதிப்படுத்தும் கிட்டார் பாட்டு ஏதாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் நீட்டுவது இந்த ஆல்பத்தைத்தான். இன்றைக்கு இண்டி ஃபோக் என்று சொல்கிறோமே, தனி ஆளாக ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பாடுவது, அந்த வழியில் வந்தவர்கள் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இசைத்தட்டின் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள். லூசிண்டா வில்லியம்ஸ், பெக், செபாடோ என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள்கூட இதிலிருந்து பாட்டுகளை எடுத்துப் பாடியிருக்கிறார்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. மனமுடைந்த ஓர் இளைஞர் ஒரு ராத்திரி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார் என்று. அவருடைய துயரம் உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாட்டுகள் அப்படிக் கொட்டியதில் வந்தவை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல வருஷம் கை பழகி, வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து, இதுதான் வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை இது. கேட்பவருக்குக் கிடைக்கிற அமைதியும் அந்தக் கைத்திறனிலிருந்து வருவதுதான்.

கதையை ரங்கூனில் ஆரம்பிக்க வேண்டும். நிக் டிரேக் 1948 ஜூன் 19-ல் அங்கேதான் பிறந்தார். அப்பா ராட்னி பொறியாளர், பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் வேலை. அம்மா மாலி. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள் அல்லவா, அந்த வருஷம்தான் மாலியும் அவருடைய சகோதரி நான்சியும் பர்மாவை விட்டு ஓடிவந்து டெல்லியில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். அங்கே ‘லாய்ட் சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் இருவரும் அகில இந்திய வானொலியில் பாடினார்கள். மூத்த மகள் கேப்ரியல் 1944-ல் லாகூரில் பிறந்தார், பின்னாளில் நடிகை. 1950-களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்விக்‌ஷயரில் டேன்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில், ஃபார் லேஸ் என்ற வீட்டில் குடியேறியது.

அந்த வீட்டில் மாலி பியானோவில் உட்கார்ந்து தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். வெளியுலகத்துக்காக அல்ல, வீட்டுக்காக. ராட்னி அவற்றை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்தார். அவை ஆல்பமாகப் பரவலாக வெளிவந்தது 2013-ல்; மாலி இறந்து இருபது வருஷம் கழித்து. ‘ஹௌ வைல்ட் த விண்ட் ப்ளோஸ்’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். குரலில் ஆர்ப்பாட்டமே இருக்காது. பியானோவில் ஒவ்வொரு ஸ்வரக்கட்டும் முழுசாக முடியாமல், ஒரு ஸ்வரம் எங்கேயோ தொங்கிக்கொண்டு நிற்கும். அதைக் கேட்ட கையோடு ‘பிங்க் மூன்’ கேட்டால், மகன் எங்கே பாடம் படித்தார் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். நிக்கின் முதல் தயாரிப்பாளர் ஜோ பாய்டும், மாலியின் பதிவுகளைக் கேட்டபோது, விடுபட்டுப்போன கண்ணி இங்கேதான் இருக்கிறது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

நிக் மார்ல்பரோ பள்ளியில் படித்தபோது பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசித்தவர். கிட்டார் அதற்கப்புறம்தான். 1967-ல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் சில மாதங்கள் இருந்தபோது கிட்டாரே கதியாகக் கிடந்தார். அந்த வருஷமே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போனார். படிப்பை முடிக்கவில்லை. லண்டனில் ஒரு மேடையில் அவர் பாடியதை ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் கேட்டு, ஜோ பாய்டிடம் சொன்னார். பாய்ட் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் மூலம் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்: ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, 1969.

அந்த ஆல்பத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களுக்கு இசைக்கோவை எழுத பாய்ட் ஓர் அனுபவசாலியை வைத்திருந்தார். அவர் எழுதியது நிக்குக்குப் பிடிக்கவில்லை. இருபது வயசு, முதல் ஆல்பம், கூச்ச சுபாவம். ஆனாலும் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேம்பிரிட்ஜில் தன்னோடு பழகிய மாணவர் ராபர்ட் கிர்பியை வைத்துக்கொள்ளலாம் என்றார். கிர்பி அதுவரை ஒரு இசைத்தட்டுக்கும் வேலை செய்ததில்லை. பாய்ட் துணிந்து சம்மதித்தார். கிர்பி எழுதியதைக் கேட்டவர்களுக்கு நிக்கின் காது எப்பேர்ப்பட்டது என்று புரிந்துபோனது. வாயைத் திறக்கவே தயங்குகிற இந்த மனிதர், இசை விஷயத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்தவர் இல்லை. ‘பிங்க் மூன்’ எப்படி வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது ஆல்பம் ‘பிரைட்டர் லேட்டர்’. அதில் டிரம்ஸ், பேஸ், சாக்ஸபோன், பின்னணிப் பாடகிகள் எல்லாம் உண்டு. ரிச்சர்ட் தாம்சன் கிட்டார் வாசித்தார். வெல்வெட் அண்டர்கிரவுண்டில் இருந்த ஜான் கேல் இரண்டு பாட்டுகளில் வந்து சேர்ந்துகொண்டார். நல்ல ஆல்பம். பாய்டுக்கும் ஜான் வுட்டுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் விற்கவில்லை. நிக் உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய எந்த ஆல்பமும் முதல் வெளியீட்டில் 5,000 பிரதிகளைத் தாண்டவில்லை. நிக்குக்கும் அந்த ஆல்பம் முழுத் திருப்தி தரவில்லை. பாட்டைச் சுற்றி நகை அதிகமாகிவிட்டது என்று நினைத்தார். அடுத்தது வெறும் கிட்டாரும் குரலும்தான் என்று பாய்டிடம் அப்போதே சொல்லிவிட்டார்.

ஆக, ‘பிங்க் மூன்’ இப்படித்தான் இருக்கும் என்பது அந்த இரண்டு ராத்திரிகளுக்கு ரொம்ப முன்னாலேயே முடிவானது.

பாட்டுகளும் அப்படித்தான். ‘திங்ஸ் பிஹைண்ட் த சன்’ பழைய பாட்டு. அதை ‘பிரைட்டர் லேட்டர்’ ஆல்பத்திலேயே சேர்க்கலாம் என்று பாய்ட் கேட்டிருந்தார், நிக் சம்மதிக்கவில்லை. ‘பாரசைட்’ பாட்டில் 1969-லிருந்தே கை வைத்திருந்தார். ஒரு ராத்திரியில் கசிந்து வந்த பாட்டுகள் இல்லை இவை. இரண்டு வருஷம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பாட்டுகள்.

நடுவில் நிலைமை மாறிவிட்டது. ஜோ பாய்ட் 1971-ல் தன் விட்ச்சீசன் நிறுவனத்தை ஐலண்டுக்கு விற்றுவிட்டு, சினிமா இசை வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். போகும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: நிக் டிரேக்கின் இசைத்தட்டுகளை எந்தக் காலத்திலும் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. விற்காத பாடகருக்காக இப்படி ஒரு நிபந்தனை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம்.

பாய்ட் போனது நிக்குக்குப் பெரிய இழப்பு. மேடைக் கச்சேரிகளையும் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். கிளப்புகளில் ஜனம் பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கும். இவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரின் சுருதியையே மாற்ற வேண்டியவர். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டார். கூட்டம் பொறுமை இழந்துவிடும். இதற்கிடையே மனச்சோர்வு முற்றியது. குடும்பம் வற்புறுத்தி மருத்துவரிடம் போக வைத்தது. மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். ஐலண்டின் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் ஸ்பெயினில் இருந்த தன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரும்படி அனுப்பினார். திரும்பி வந்த நிக், ஜான் வுட்டைக் கூப்பிட்டு, பதிவு செய்யத் தயார் என்றார்.

இப்போது அந்தக் கிட்டாருக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆல்பத்தில் ஆசை அதிகம் உள்ள இடம் அதுதான்.

சாதாரணமாக கிட்டாரின் ஆறு கம்பிகளையும் கீழ் சுருதியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கூட்டுவார்கள். நிக் ‘பிங்க் மூன்’ பாட்டுக்குக் கூட்டியது சி, ஜி, சி, எஃப், சி, ஈ. சி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ச, ப, ச, ம, ச, க. ஆறு கம்பியில் மூன்று ஸட்ஜம், ஒரு பஞ்சமம். விரலே வைக்காமல் மீட்டினாலும் தம்புரா மாதிரி ஆதார சுருதி நின்றுகொண்டே இருக்கும். அதன்மேல் காந்தாரமும் மத்யமமும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒரு சின்ன உறுத்தல் வரும். அமைதிக்கு நடுவில் ஏதோ ஒன்று முடியாமல் நிற்கிற உணர்வு அங்கிருந்துதான். அம்மாவின் பியானோவில் கேட்டோமே, அதேதான். சாதாரண சுருதியில் கிட்டாரின் கைக்கு எட்டாத பியானோ கட்டுகளை எட்டிப் பிடிக்க மகன் கம்பிகளையே இடம் மாற்றிவிட்டார் என்பது என் எண்ணம்.

இந்தச் சுருதியில் அடிக் கம்பி நாலு அரைச்சுரம் கீழே இறங்குகிறது. தளர்ந்த கம்பியைக் கட்டை விரலால் தட்டினால் பெரும்பாலானவர்கள் கையில் அது கடகடக்கும். நிக் கையில் கடகடக்காது. கட்டை விரல் தாளம் பிடிக்கிறது. மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் ராகம் பின்னுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று முதல் தடவை கேட்கிறவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான். ‘ரோட்’ என்ற பாட்டில் இது நன்றாகத் தெரியும். விரல்கள் பாதையில் ஓடிக்கொண்டே இருக்க, குரல் அவசரமே இல்லாமல், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நடந்து வரும். கைக்கும் குரலுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியில்தான் கேட்கிறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது.

எல்லாப் பாட்டும் இப்படி நெருக்கமாகப் பின்னியது இல்லை. ‘ஹார்ன்’ ஒன்றரை நிமிஷம்கூட வராது. குரலே கிடையாது, தனியாக ஒரு மெட்டு, அவ்வளவுதான். ‘நோ’ (Know) அதைவிட வெறுமை. சின்ன ஒரு ஸ்வரக் கோவை, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப அதேதான். வரிகள் நாலே நாலு. இத்தனை வாசிக்கத் தெரிந்த கை இவ்வளவு குறைவாக வாசிப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டும். கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அதில் மரியாதை கூடுகிறது.

முழு ஆல்பத்திலும் கிட்டார் அல்லாத வாத்தியம் ஒன்றே ஒன்றுதான். தலைப்புப் பாட்டின் நடுவில் சில நொடிகள் வரும் பியானோ. அதையும் நிக்கே வாசித்தார். முதலில் கிட்டாரும் குரலும் பதிவாயின. பிறகு பியானோ மேலே ஏற்றப்பட்டது. இதன்மேல் வேறு என்ன சேர்க்கப் போகிறோம் என்ற கேள்வி ஜான் வுட்டுக்கு இயல்பாகவே வந்தது. இவ்வளவுதான், அலங்காரம் வேண்டாம் என்பதுதான் பதில். வுட் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தக் குரலையும் கிட்டாரையும் கையெட்டும் தூரத்தில் கேட்பது போலப் பதிவு செய்து கொடுத்தார். ஆல்பத்தின் பெருமையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. முந்தைய இரண்டு ஆல்பங்களையும் பதிவு செய்தவர் அவர்தான். நிக் எதற்குச் சரி என்பார், எதற்கு மௌனமாக இருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அதன்பின் வந்ததுதான் பிரசித்தி பெற்ற டேப் கதை. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வரவேற்பு மேசையில் டேப்பை வைத்துவிட்டு நிக் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார், பல நாள் யாருமே கவனிக்கவில்லை என்று சொல்வார்கள். ஐலண்டில் பத்திரிகைத் தொடர்புகளைப் பார்த்துக்கொண்ட டேவிட் சாண்டிசன் சொன்னது அவ்வளவு நாடகத்தனமானது இல்லை. வந்தவரைப் பார்த்து அவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார், தேநீர் குடித்தாயிற்றா என்று விசாரித்திருக்கிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நிக் கிளம்பினார். அதற்கப்புறம்தான் அவர் டேப்பை விட்டுப் போனது தெரிந்தது. வாய்க்கு வாய் மாறும்போது தேநீர் காணாமல் போய், மௌனம் மட்டும் மிஞ்சிவிட்டது. சீக்கிரம் போய்விட்ட கலைஞர்களுக்கு நாம் எப்போதும் செய்கிற அநியாயம் இது. அவர்கள் வாழ்க்கையில் இருந்த சாதாரண நிமிஷங்களையெல்லாம் பிடுங்கிவிடுகிறோம்.

அட்டைக்காகப் புகைப்படக்காரர் கீத் மோரிஸ் படங்கள் எடுத்தார். முகப்பில் அவை வரவில்லை. மைக்கேல் டிரெவிதிக் என்ற ஓவியர் வரைந்த கனவு போன்ற ஓவியம் வந்தது. நிலாவும் தேநீர்க் கோப்பையும் இன்னும் என்னென்னவோ அந்தரத்தில் மிதக்கும் படம். 1972 பிப்ரவரி 25-ல் ஆல்பம் வெளியானது. பேட்டி இல்லை, கச்சேரி இல்லை, சுற்றுப்பயணம் இல்லை. முந்தைய இரண்டையும்விடக் குறைவாக விற்றது. நிக் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிப் போனார். 1974-ல் பாய்டும் வுட்டும் இன்னும் சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த நவம்பர் 25-ம் தேதி, 26 வயதில், ஃபார் லேஸ் வீட்டில் நிக் இறந்தார். அவர் பெரியவரான பிறகு எடுத்த அசையும் படம் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த விரல்கள் எப்படி ஓடின என்று பார்க்க வழியில்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாய்டின் நிபந்தனை இங்கேதான் வேலை செய்தது. ஆல்பம் கடையில் இருந்துகொண்டே இருந்தது. ஒருவர் வாங்கி இன்னொருவருக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, மெதுவாகப் பரவியது. 1979-ல் மூன்று ஆல்பங்களும் சேர்ந்து ‘ஃப்ரூட் ட்ரீ’ என்ற தொகுப்பாக வந்தன. பிறகு 1999 கடைசியில் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் கேப்ரியோ காருக்கு ஒரு விளம்பரம். ஜொனாதன் டேட்டனும் வேலரி ஃபாரிஸும் இயக்கியது. நிலா வெளிச்சத்தில் நான்கு இளைஞர்கள் திறந்த காரில் போகிறார்கள். ஒரு விருந்து நடக்கிற வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கும் கூச்சலைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் ராத்திரிக்குள்ளேயே போய்விடுகிறார்கள். பேச்சு கிடையாது. பின்னணியில் ‘பிங்க் மூன்’. கார் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைக் கொடுக்கலாமா என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. கூச்சலை விட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கான பாட்டு இது என்று அந்த ஒரு நிமிஷப் படத்தை எடுத்தவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். சில மாதங்களுக்குள் அமெரிக்காவில் ஆல்பம் விற்ற எண்ணிக்கை, அதற்கு முந்தைய இருபத்தேழு வருஷத்தில் விற்றதையெல்லாம் தாண்டியது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘ஃப்ரம் த மார்னிங்’ பாட்டிலிருந்து தொடங்கலாம். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதில் இருள் இல்லை, விடியற்காலை வெளிச்சம்தான் இருக்கிறது. டேன்வொர்த் தேவாலயத்துக் கல்லறையில் நிக்கின் பெயருக்குப் பின்பக்கம் குடும்பத்தார் பொறித்திருப்பது அந்தப் பாட்டின் வரிதான். இவரைத் துயரத்தின் பாடகர் என்று மட்டும் முத்திரை குத்துகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே. பிறகு தலைப்புப் பாட்டுக்கு வந்து, வரிசை மாற்றாமல் பதினொன்றையும் கேளுங்கள். 28 நிமிஷம்தானே, ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். ‘ஹார்ன்’, ‘நோ’ இரண்டையும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது, கம்பியில் விரல் நகரும் கீச்சொலியும் பாடுவதற்கு முன் இழுக்கும் மூச்சும் கேட்கும். அடுத்து மாலி டிரேக்கின் ஆல்பம். வீட்டில் கிட்டார் வைத்திருக்கிறவர்கள் ஆறாவது கம்பியை சி வரைக்கும் இறக்கி, ஐந்து, நான்கு, மூன்றை ஒவ்வொரு சுரம் தளர்த்தி, இரண்டாவதை மட்டும் அரைச் சுரம் ஏற்றி, முதல் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு மீட்டிப் பாருங்கள். புதுக் கம்பி மாட்ட வேண்டாம். இந்தப் பாட்டுக்குப் பழைய கம்பியின் மங்கிய ஒலிதான் பொருந்தும்.